பெயர் வருவதற்குள்

பெங்களூர், பீன்யா
12.02.2024

திரு. இஸ்ரேல் அவர்களுக்கு,

கர்த்தர் உங்களுக்கு உடல்பலம் தரட்டும்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. கிருபா சொல்லியிருப்பாள். வேலூரில் உங்களுக்கு ஆப்பரேஷன் நடப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் உங்களைப் பேச வைத்து, போனில் பதிவு செய்து, எனக்கு அனுப்பியிருந்தாள். "குரல்வளையவே எடுத்துட்டாங்க அண்ணி, இனிமே அண்ணனுக்குப் பேச்சே வராதாம்" என்று அவள் அழுதபோது நான் வேலையில் இருந்தேன். என் மேஜைமேல் எங்கள் கம்பெனி போர்டு ஒன்று கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன கம்ப்யூட்டர் அது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உங்கள் குரலை அந்தப் போர்டில் உள்ள மெமரி சிப்பில் ஏற்றியிருக்கிறேன். ஒரு பட்டனுக்கு ஒரு வாக்கியம். எந்தப் பட்டன் எதைச் சொல்லும் என்று பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் படக்கூடாது. போன் சார்ஜரிலேயே சார்ஜ் போடலாம்.

ஏதாவது சொல்ல வேண்டுமானால் தபாலில் எழுதுங்கள். வாட்ஸாப் வேண்டாம். அதில் நீங்கள் வெடுக்கென்று ஒன்றை அனுப்பிவிட்டு அப்புறம் அழிப்பீர்கள்; அதற்குள் நான் படித்திருப்பேன். தாளில் எழுதி, ஒட்டி, பெட்டியில் போட நடந்து போனால் பாதிக் கோபம் வழியிலேயே இறங்கிவிடும்.

நான் ஏன் பார்க்க வரவில்லை என்று கிருபா வருத்தப்பட்டாளாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் தெருவில் நின்று கத்தியதை அவளும்தானே கேட்டாள். "பெங்களூர் போறேன்னு வாயத் தொறந்தியே, அப்டியே போய்டு!" பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினீர்கள். அதே குரலைத்தான் இப்போது துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். கோபத்தில் எழுதவில்லை. வெட்டும்போது எல்லாம் நினைவு வந்தது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஈவ்லின்


திருத்தணி
20.02.2024

என் வீட்டுக்காரிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். தொண்டையில் ஓட்டை போட்டவன் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

பெட்டி வந்தது. கிருபா பிரித்தாள். முதல் பட்டனை அழுத்தியதும், "கிருபா, தண்ணி குடும்மா" என்று நானே கேட்டேன். அவள் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சொம்போடு வந்து நின்று அழுதாள். நான் குடிக்கவில்லை.

மறுநாள் வீரபத்திரன் டீக்கடைக்குப் போனேன். ஆப்பரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. சைகை காட்டி டீ கேட்க நான் என்ன ஊமையா? பெட்டியை நீட்டி அழுத்தினேன். "வீரா, டீ ஒண்ணு, சக்கரை கம்மி." அவன் வாயைப் பிளந்தான். "இன்னாண்ணா, உள்ள யாரு குந்திகினு கீறாங்க?" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். அரக்கோணம் பஸ்ஸில் கண்டக்டராக நான் எத்தனையோ வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருத்தன் காதில் வாங்கியதில்லை. இப்போது டிக்கெட் போட்டுக் கேட்பான் போலிருக்கிறது.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன், உனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வந்துவிடு. கிருபா சமைத்துப் போடுகிறாள், துணி துவைக்கிறாள், ஒரு குறையும் இல்லை. அதற்காகக் கூப்பிடவில்லை. நீ இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதமே. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

இப்படிக்கு,
உன் புருஷன்
இஸ்ரேல்


திருத்தணி
28.03.2024

என் வீட்டுக்காரிக்கு,

வா என்று கேட்டதற்கு நீ பதில் போடவில்லை. போகட்டும். இப்போது பெட்டி என்னைச் சந்தி சிரிக்க வைக்கிறது, அதற்காவது பதில் போடு.

காலையில் நன்றாகத்தான் பேசுகிறது. வெயில் ஏறியதும் குடித்துவிட்டு வந்தவன் மாதிரி குழறுகிறது. நேற்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் முருகன் கோயில் கூட்டம், காவடி தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நடுவில் நிற்கிறேன். திருவாலங்காடு பஸ் எது என்று கேட்க அழுத்தினால், "திருவா" என்று ஆரம்பித்து, அப்புறம் தகரத்தை ரோட்டில் இழுக்கிற மாதிரி கர்ரென்று ஒரே சத்தம். ஒரு குழந்தை பயந்து அழுதது. மறுபடி அழுத்தினால் பெட்டி செத்துப்போய்க் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து மண்பானை பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் தானாகப் பேசியது.

திருப்பி அனுப்பு, சரிசெய்து தருகிறேன் என்று மட்டும் எழுதாதே. அனுப்ப மாட்டேன். குரல் ஒருமுறை போனது போதும்.

இஸ்ரேல்


பெங்களூர்
03.04.2024

பாவாவுக்கு,

பெட்டியை அனுப்ப வேண்டாம். தப்பு என்னுடையது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். உங்கள் குரல் அந்தச் சிப்பில் எண்களாக இருக்கிறது. போர்டு ஒவ்வொரு முறை தட்டும்போதும் சிப் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே கொடுக்கும். அந்தத் தட்டுகிற வேகத்தைத்தான் நாங்கள் கிளாக் என்போம். நம் பெட்டியில் அது 80 என்று இருக்கிறது. நொடிக்கு எட்டுக் கோடித் தட்டு. கம்பெனியில் எல்லாப் போர்டிலும் அப்படித்தான் வைப்போம், நானும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். இங்கே குளிரில் சோதித்தபோது ஒரு பிசகும் இல்லை. அங்கே வெயிலில் சிப் பதில் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. பதில் வருவதற்குள் போர்டு படித்துவிடுகிறது. அப்படிப் படித்தால் தப்பான எண்தான் கிடைக்கும். அதுதான் நீங்கள் கேட்ட கர்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் துளசிங்கத்திடம் பெட்டியைக் கொண்டுபோங்கள். அவனிடம் லேப்டாப் இருக்கிறது. ஒரு புரோகிராம் அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேபிளை மாட்டினால் வேகம் என்ற இடத்தில் 80 என்று தெரியும். அதை 20 ஆக்கி ஏற்றச் சொல்லுங்கள். எந்த வெயிலிலும் குழறாது.

ஒரு சங்கடம் உண்டு. பெட்டி எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். அழுத்தியதும் எழுந்து, வாக்கியம் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் பேசும். வேகம் குறைந்தால் அதற்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் பிடிக்கும். அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

ஈவ்லின்


திருத்தணி
15.04.2024

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி பாவா என்று எழுதியிருந்தாய். கிருபாவிடம் காட்டினேன். "ஆங், நானும் பார்த்தேன், போ" என்றாள். கவர் ஏற்கனவே பிரித்துத்தான் இருந்தது.

துளசிங்கம் 20 போட்டுக் கொடுத்தான். குழறல் போயே போய்விட்டது. இந்தச் சித்திரை வெயிலில் மத்தியானம் வெளியே நின்று ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன், கணீரென்று வருகிறது. உன்னைக் கட்டியவன் கொடுத்துவைத்தவன்.

ஆனால் அந்த இடைவெளி இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீரா என் முகத்தைப் பார்க்கிறான், அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை, அவன் அடுத்த ஆளிடம் திரும்பிவிடுகிறான். அப்புறம் அவன் முதுகைப் பார்த்து நான் டீ கேட்கிறேன். போனில் கேட்கவே வேண்டாம். "அலோ, அலோ" என்று வைத்துவிடுகிறார்கள். நான் வாய் திறந்தால் எதிராளி அடங்கித்தான் பழக்கம். கொஞ்சம் கூட்டக் கூடாதா? 40 என்று ஒன்று இருக்கிறதாம், துளசிங்கம் சொன்னான்.

இதை விடு. வேறு ஒன்று கேட்க வேண்டும். முந்தாநாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிருபா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே கூப்பிட்டால் கேட்கவா போகிறது? இருந்தாலும் தோன்றியது. பட்டன்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிருபா பேர் இருக்கிறது, வீரா பேர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறது. உன் பேர் இல்லை. ஆப்பரேஷனுக்கு முதல் நாள் கிருபா கேட்டாள், "அண்ணி பேரு சொல்லுண்ணா." வீம்புக்கு மாட்டேன் என்றேன். நினைத்துப் பார்த்தால் வீட்டிலும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய், இந்தாமே, இவ்வளவுதான். இனிமேல் சொல்ல நினைத்தாலும் எதை வைத்துச் சொல்வது?

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம் கல்யாணத்தில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சர்ச்சில் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேனே, "ஈவ்லின் ஆகிய உன்னை" என்று. அந்த வீடியோ கேசட் கே.ஜி.கண்டிகையில் உன் தம்பி சாம் வீட்டில் இருக்கும். அதிலிருந்து உன் பேரை மட்டும் எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

இஸ்ரேல்


பெங்களூர்
02.05.2024

பாவாவுக்கு,

ஸ்தோத்திரம். தாமதத்துக்கு மன்னியுங்கள். சாம் கேசட்டை எடுத்து, தூசு தட்டி, ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டருக்கு மாற்றி அனுப்ப நாளாகிவிட்டது. கேசட்டையும் எனக்கே அனுப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டு போட்டுக்கொண்டு நீங்கள் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறீர்கள்! எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஐயர் ஒரு துண்டு சொல்லி நிறுத்துகிறார், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் துண்டு சரியாகச் சொன்னீர்கள். இரண்டாவதில் அவர் நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டீர்கள். அவர் என் பெயரைச் சொல்லும்போதே நீங்களும் சொல்கிறீர்கள். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள். என் அப்பா என்று நினைக்கிறேன். அவசரக்காரனுக்கு வாக்கப்படுகிறேன் என்று எனக்கே அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று ராத்திரி முயன்றேன். ஐயரின் குரலைக் குறைத்தால் உங்களுடையதும் தேய்ந்துபோகிறது. முழுசாகப் பிரிக்க முடியவில்லை. வேறு வாக்கியங்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஒட்டியும் பார்த்தேன். அது நீங்கள் இல்லை. அழித்துவிட்டேன்.

கடைசியில் ஐயரும் நீங்களும் சேர்ந்தே கூப்பிடுகிற மாதிரி விட்டுவிட்டேன். துளசிங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் ஏற்றுவான். உங்கள் குரல் அடியில் இருக்கிறது. எனக்குக் கேட்கிறது.

பாவா, நான் வருகிறேன். 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அரக்கோணத்தில் மாறி, மத்தியான ரயிலில் திருத்தணியில் இறங்குவேன். தங்குவேனா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இறங்கியதும் ஒருமுறை என் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். துணிப்பெட்டியோடு வந்து வீட்டில் வைத்துவிடலாம் போலத்தான் இப்போது இருக்கிறது.

வேகத்தை மட்டும் தொடாதீர்கள். 40ம் வேண்டாம். 20லேயே இருக்கட்டும். உங்களுக்காக நான் நின்றுகொண்டிருப்பேன், ஓடிப்போக மாட்டேன்.

அன்புடன்,
ஈவ்லின்


திருத்தணி
14.05.2024

ஈவ்லினுக்கு,

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே. இது நியாயமா?

காலையிலேயே சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். கிருபா மட்டன் வாங்கி வைத்திருந்தாள். பிளாட்பாரத்தில் நிழல் இருந்த இடத்தில் கூட்டம், நான் வெயிலில்தான் நின்றேன், நீ இறங்கினால் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று. நீ இறங்கினாய். நீல சேலை. இளைத்திருக்கிறாய். அழுத்தினேன். கர்ரென்று அந்தப் பாழாய்ப்போன சத்தம். ஐயரும் இல்லை, நானும் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். நீ பெட்டியைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். திரும்பி, எதிர் பிளாட்பாரத்துக்குப் படியேறினாய். என் பின்னாலேயே ஒரு அம்மா, "இன்னாச்சுபா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. நான் என்னவென்று சொல்ல? கத்திக் கூப்பிடத் தொண்டை வேண்டுமே. ஓடி வந்தேன். மூச்சு இந்த ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அரக்கோணம் ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஒரு மெஷின் கோளாறுக்காக ஒரு மனுஷனை விட்டுவிட்டுப் போவார்களா? நீயே செய்த மெஷின்தானே?

வந்துவிடு. கிருபா அந்த மட்டனைத் தொடவே இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இஸ்ரேல்


பெங்களூர்
22.05.2024

பாவாவுக்கு,

மெஷின் கோளாறுக்காகத் திரும்பவில்லை. குழறியதற்காகவும் இல்லை. வெயிலில் கெட்டுப்போகிற போர்டுகளோடுதான் எனக்கு நாள் முழுக்கப் பிழைப்பு.

நீங்கள் பட்டனை அழுத்தினீர்கள். சத்தம் உடனே வந்தது. 20இல் இருந்தால் உடனே வராது. அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூர் திரும்பியதும் துளசிங்கத்தைப் போனில் கேட்டேன். "நா சொன்னேங்க்கா, அக்கா வேணாம்னாங்கன்னு. அண்ணன்தான் அவ எறங்குனதும் டக்குனு வரணும், 80 போடுன்னு எழுதிக் காட்டுனாரு" என்றான். முதல் நாள் சாயங்காலம் அவன் கடையில் அழுத்திப் பார்த்தபோது நன்றாகக் கேட்டதாம். சாயங்காலம் கேட்கத்தான் செய்யும்.

ஆசையில்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் எப்போதும் ஆசையில்தான் செய்வீர்கள். பெங்களூர் ட்ரெய்னிங் ஆறு மாசம்தான், வாராவாரம் சனிக்கிழமை வந்துவிடுவேன், அப்புறம் இங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்று அன்றைக்குச் சொல்ல வந்தேன். பெங்களூர் என்ற வார்த்தையிலேயே தெரு முழுக்க உங்கள் சத்தம். அதுவும் நான் போய்விடக் கூடாது என்கிற ஆசையில்தான். அந்தச் சத்தத்தில்தான் நான் போனேன்.

இந்தத் தடவை கெஞ்சி எழுதினேன். தொடாதீர்கள், நான் நிற்பேன் என்று. ஒரு மூச்சு நேரம், பாவா. அதைக்கூட எனக்குத் தர உங்களால் முடியவில்லை. பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்குக் கோபமே வரவில்லை. களைப்பாக இருந்தது. இனி அந்த வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் முடிக்க விடுவார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் ஊமையான பிறகும்.

நான் வர மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை, நான்கு நாள் மேஜையில் வைத்திருந்துதான் அனுப்புகிறேன்.

பெட்டி உங்களுடையது. ஏதாவது பழுதானால் துளசிங்கம் வழியாகச் சொல்லுங்கள், செய்து கொடுப்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இருந்தால் நீங்கள் அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், கிருபா கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடாது. கேசட் என்னிடமே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை ஓட்டையில் தூசு போகாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஈவ்லின்


திருத்தணி
09.06.2024

ஈவ்லினுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். மறுநாள் ஒன்று எழுதி, அதையும் கிழித்தேன். "எழுதறதும் கிழிக்கறதுமா இன்னாண்ணா இது?" என்று கிருபா கேட்டாள். கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னேன்.

இரண்டு நாள் முன்பு துளசிங்கம் கடைக்குப் போனேன். முதலில் 20 போடச் சொன்னேன். போட்டான். பெயரை எடுக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். "எடுத்தா எடுத்ததுதாண்ணா, எங்கிட்ட வேற காப்பி கெடையாது. அக்கா அனுப்புனத அப்பவே அழிச்சிட்டேன்" என்றான். கொஞ்சம் பொறு என்று சைகை காட்டிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

கடைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். ஒருமுறை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் ஐயர் கூப்பிட்டார், அவருக்கு அடியில் நானும் கூப்பிட்டேன். ஒரு பிசகு இல்லை. நீ சொன்னது சரிதான், கேட்கிறது. நல்ல குரல் எனக்கு. இதை அன்றைக்கு நீ கேட்டிருந்தால் என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

உள்ளே போய்ப் பெட்டியைக் கொடுத்தேன். துளசிங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்ணா, அக்காவுக்கு எங்க தெரியப்போவுது, இருந்துட்டுப் போவட்டும்" என்றான். நான் அவன் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைத்தேன்.

எடுத்தாயிற்று. இப்போது அந்தப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை. நீ சொன்னதைச் சொன்னபடி நான் செய்தது இதுதான் முதல் தடவை.

இஸ்ரேல்